நன்றியுரை: அன்புக்கரசி

2025 ஜூலை 2, புதன்

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் இந்த மாத அழைப்பிதழ் வாட்ஸப்பில் வந்தது. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை எல்லாம் தாண்டி, ‘சிறுகதை வாசிப்பு: அன்புக்கரசி’ என்று இருக்கிறது. ஒன்பது வருடத்தில் முதல் தடவை. கடைசி வரி மட்டும் மாறவில்லை. ‘நன்றியுரை: அன்புக்கரசி.’ இருந்துவிட்டுப் போகட்டும்.

அங்கன்வாடியில் பிள்ளைகள் தூங்கிய நேரத்தில் கதையை மறுபடி படித்தேன். அம்மாவின் கதைதான். வட்டத் தலைவர் கிருபாசங்கரின் அப்பா தோப்பில் அம்மா தேங்காய் பொறுக்கப் போவாள். காய்ந்த மட்டை ஒரு கட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னால், “நல்லா இருக்கோணுஞ் சாமி” என்று கும்பிடுவாள். பேர்களை மாற்றிவிட்டேன். தெரிந்துவிடுமா? தெரிந்தால் தெரியட்டும்.

ஜூலை 9, புதன்

நேரம் வைத்து வாசித்துப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம். தலைவர் பத்துதான் என்றிருக்கிறார். தோப்பு வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிற பத்தியை எடுத்துவிட்டேன். அது இருந்தால் யாருக்காவது சங்கடம். நேரத்துக்காகத்தான் எடுத்தேன் என்று எழுதி வைக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

வாசிக்கவில்லை.

கோவையிலிருந்து வந்த எழுத்தாளர் சசிதர் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். எளிய மனிதர்களின் குரல் ஒலிக்க வேண்டும் என்று நான்கு தடவை சொன்னார். எளிய மனுசி முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன், தாளை வியர்வையில் நனைத்துக்கொண்டு. அவர் முடித்ததும் தலைவர் மேடையிலிருந்து குனிந்து, “அம்மணி, நேரமாயிப்போச்சுங்க. கதைய அடுத்த மாசம் வெச்சுக்கலாம். நன்றியுரைய மட்டுஞ் சொல்லிப்போடுங்க” என்றார்.

எழுந்தேன். நான் எழுந்தால் கூட்டமும் எழும். நாற்காலிகள் இழுபடும், எல்லோரும் போண்டாவைப் பார்க்கப் போவார்கள். எழுத்தாளருக்கு, நூலகர் வெள்ளியங்கிரிக்கு, மைக் செட்காரருக்கு, போண்டா போட்ட சின்னத்தாயி அக்காவுக்கு என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

தலைவர் பேர் விட்டுப்போச்சு. வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியமாக இல்லை — இல்லைதானே?

ஜூலை 14, திங்கள்

ஒருத்தரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். தலைவரின் மருமகள் அக்ஷயா வீடியோ எடுத்துக் குழுவில் போட்டிருக்கிறாள். ‘எல்லாருக்கும் நன்றி சொன்னாங்க, மாமாவைத் தவிர.’ அதற்குக் கீழே நாற்பது பேர். கதை என்ன ஆச்சு என்று அந்த நாற்பதில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

வெள்ளியங்கிரி போன் செய்தார். “ஏனுங்க டீச்சர், ஒரு சாரி போட்டுட்டா முடிஞ்சுதுங்க. அந்த நாற்காலியெல்லாம் அவரு குடுத்ததுங்க.”

குடுத்தா? உக்காந்ததுக்குத்தான் ஒம்பது வருசமா நன்றி சொல்லியாச்சே. இன்னும் எத்தன வருசத்துக்குச் சொல்றது?

ஜூலை 16, புதன்

சாரி போட்டேன். நான்கு வரி. ‘தங்கள் பெருந்தன்மை’ என்றுகூட எழுதினேன். த்தூ.

ஜூலை 25, வெள்ளி

அங்கன்வாடி வாசலில் தலைவர் காரை நிறுத்தினார். “அதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க டீச்சர். அடுத்த மாசம் உங்க கதைதானுங்க.” கண்ணாடியை ஏற்றப் போனவர், “மாசாணி நல்லா இருக்குதா? எங்கப்பாரு காலத்துல எத்தன நன்றியா இருந்துச்சு!” என்றார்.

அம்மாவைத்தான் பேர் சொல்லிக் கேட்டார். எனக்குக் கொடுத்த மரியாதை அவளுக்கு இல்லை. நான் என்ன சொன்னேன்? “நல்லா இருக்காங்க, தேங்க்ஸுங்க” என்றேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அழைப்பிதழ் வந்தது. சிறுகதை வாசிப்பு: அக்ஷயா. நன்றியுரை: அன்புக்கரசி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போகவில்லை. மூன்றரைக்கு வெள்ளியங்கிரி கூப்பிட்டார். நாலுக்கு, நாலேகாலுக்கு மறுபடி. எடுக்கவில்லை.

“போன் அடிக்குது கண்ணு” என்றாள் அம்மா.

“அடிக்கட்டும்மா. நீ உக்காரு, உன்ற கதைய வாசிக்கறேன்.”

கட்டிலில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கேட்டாள். செருப்புப் பத்தியையும் சேர்த்தே வாசித்தேன். கதையின் கடைசியில், மட்டைக் கட்டோடு தோப்பைவிட்டு வருகிறவள் திரும்பிப் பார்த்து, அந்தக் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொள்கிறாள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம். எழுதும்போது அழுதிருக்கிறேன்.

அம்மா வாயிலிருந்த வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினாள். பிறகு, “கடைசி மட்டும் பொய்யி” என்றாள்.

“ஏம்மா? நீ கும்புட்டத நாம் பாத்திருக்கறேனே.”

“கும்புட்டேன். அடுப்பெரிக்க மட்டை வேணுமில்ல? வாயில சொன்னது கண்ணு அது. மனசுல ஒருநாளுஞ் சொன்னதில்ல. என்னைய என்னன்னு நெனச்சுப்போட்ட நீ?”

வெற்றிலையைத் துப்ப எழுந்து போய்விட்டாள்.

கடைசிப் பத்தியை அடித்துவிட்டேன். அம்மாவுக்கு அது வெறும் வாய்வார்த்தை. நான்தான் ஒன்பது வருடமும், ஒவ்வொரு மாதமும், மனசாரச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.