அக்கா போட்ட கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பால் பொங்கி அடுப்பை நனைத்தது. துடைத்துவிட்டு டாக்டரம்மாவிடம் போனேன். என் மகளாக இருக்கக்கூடிய வயது. போன வாரம் எடுத்த இதயப் பரிசோதனையைப் புரட்டிப் பார்த்தார்.

“இதயம் நல்லா இருக்கு டீச்சர். பயம்தான் ஓவர்டைம் பாக்குது. வெளிய காத்திருந்தப்ப அக்காவுக்கு எத்தனை தடவை போன் பண்ணீங்க?”

நான்கு தடவை. பொய் சொல்லவில்லை.

என் பயம் ஒன்றே ஒன்றுதான். நான் இல்லாத நேரத்தில் அக்காவுக்கு ஏதாவது ஆகிவிடும். கணவர் போனபின் அக்காவிடம் வந்து சேர்ந்தேன், ஒன்பது வருடமாகிறது. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, நாங்கள் இரண்டே பேர். அவள் போனை எடுக்கத் தாமதமானால் என் மார்பில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

டாக்டரம்மா வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். ஒரு நோட்டில் இடது பக்கம் எதற்குப் பயந்தேன் என்று எழுத வேண்டும். மாலையில் வலது பக்கம், உண்மையில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். மாதக் கடைசியில் கணக்குப் பார்க்க வேண்டும். நானே ஒன்று சேர்த்துக்கொண்டேன்: பெற்றோர் மதிப்பெண் அட்டையில் போடுவதுபோல, தினமும் அக்கா கையெழுத்துப் போட வேண்டும்.

“முப்பத்தஞ்சு வருஷம் ஊரார் பிள்ளைங்கள படுத்தினே இல்ல? இப்ப நீ அனுபவி” என்று அக்கா சிரித்தாள்.

மார்ச் 6, வியாழன்

இடது: காலை 11.20. போன் எடுக்கவில்லை. குளியலறையில் விழுந்துவிட்டாள்.
வலது: துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா கையெழுத்து. ஒரே இழுப்பு, புள்ளிகூட இல்லை. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவளுக்கு எதிலும் அவசரம்.

மார்ச் 11, செவ்வாய்

பதற்றத்தை எனக்கு நானே விளக்கிக்கொள்ள ஓர் உதாரணம் கிடைத்தது. ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எல்லாரும் முந்திரிக்கொட்டை என்பார்கள். நான் கேள்வியை முடிப்பதற்குள் கை தூக்கிவிடுவான். பதில் பெரும்பாலும் தப்பு. அவனை வெளியே நிறுத்தினால் இன்னும் துள்ளுவான். அவன் சொல்வதையெல்லாம் கரும்பலகையில் எழுதினால் வகுப்பு கெட்டது. “பார்த்துட்டேன்டா, உக்காரு” என்றால் போதும், உட்கார்ந்துவிடுவான்.

என் நெஞ்சில் இருப்பவனும் அவன்தான். இன்று மூன்று முறை உட்காரச் சொன்னேன். மூன்று முறையும் உட்கார்ந்தான்.

மார்ச் 15, சனி

மூச்சுப் பயிற்சி. நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. துணைக்கு அக்காவும் உட்கார்ந்தாள். நான் ஆறுவரை போனேன். அவள் மூன்றிலேயே நிறுத்திவிட்டாள்.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்லடி. பேசிப் பேசியே என் மூச்செல்லாம் தீந்துபோச்சு. எங்க சூப்பர்வைசரம்மா சொல்லுவாங்க, நாம மூச்சு வாங்கறது லைன்ல இருக்கறவங்க காதுல விழக் கூடாதுன்னு. வாய்கிட்ட இருக்கற மைக்கப் பொத்திக்கிட்டு மூச்சு விடுவோம். அந்தப் பழக்கம்.”

அப்படியும் ஒரு வேலை. கேட்கச் சிரிப்பாக இருந்தது.

மார்ச் 19, புதன்

இன்று இரண்டே அழைப்பு.

மார்ச் 27, வியாழன்

இடது: அக்காவின் பாதம் வீங்கியிருக்கிறது. செருப்பு வார் பதிந்த இடத்தில் பள்ளம்.
வலது: “புதுச் செருப்பு, கடிக்குது. ஒண்ணுமில்ல.” கையெழுத்து.

அந்தச் செருப்பு வாங்கி ஒரு வருடம் இருக்குமே? முந்திரிக்கொட்டை கை தூக்கினான். உட்காரச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

அக்காவின் படுக்கையில் மூன்றாவது தலையணை. “டிவி பாக்க வசதி” என்கிறாள். டிவி கூடத்தில் இருக்கிறது. இவள் படுப்பது உள்ளறையில்.

நான் கேட்கவில்லை. கேட்டால் இடது பக்கம் இன்னொரு வரி. இன்று மாதக் கணக்குக் காட்டும் நாள்: முப்பத்தொரு பயம், நடந்தது பூஜ்யம். டாக்டரம்மா கை குலுக்கினார்.

“வலது பக்கம் எப்படி எழுதறீங்க டீச்சர்? பாத்து எழுதறீங்களா, கேட்டு எழுதறீங்களா?”

“அக்காகிட்ட கேட்டுத்தான். கையெழுத்தே போடறாங்களே!”

அவர் பேனாவை மூடவில்லை. “அடுத்த தடவை இதப் பத்திப் பேசுவோம்” என்றார். வெளியே அடுத்த ஆள் இருமிக்கொண்டிருந்தார்.

பேருந்தில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. முதல் மதிப்பெண் வாங்கியவளுக்கு வேறென்ன கவலை என்று அதையும் உட்காரவைத்தேன்.

ஏப்ரல் 9, புதன், காலை

இன்று பெரிய பரீட்சை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு நூலகத்தில் இரண்டு மணி நேரம். அக்கா வாசல்வரை வந்து, “போய்ட்டு வா, நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்” என்றாள். கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

ஏப்ரல் 10, வியாழன்

மருத்துவமனை வராந்தா. எழுதினால்தான் இருப்புக்கொள்ளும்.

நேற்று நூலகத்தில் அமைதியாக இருந்தேன். ஒரு கதையை முழுதாகப் படித்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு. திரும்பி வந்தால் முதல் மாடித் தையல் கடை வாசலில், ஸ்டூலில் அக்கா. காலடியில் காய்கறிப் பை. உதடு நாவல்பழ நிறம். பேச வாயைத் திறக்கிறாள், பேச்சு வரவில்லை.

தையல்காரர் கையைப் பிசைந்தார். “திட்டாதீங்க டீச்சர். தினமும் இங்க கொஞ்சம் உக்காந்து மூச்சு வாங்கிட்டுத்தான் மேல ஏறுவாங்க. ரெண்டு மாசமா இப்படித்தான். உங்ககிட்ட சொன்னா என் கடைப் பக்கமே வரமாட்டேன்னுட்டாங்க. இன்னிக்கி எந்திரிக்கவே முடியல. உங்களுக்கு போன் அடிச்சேன், மேல மணிதான் அடிக்குது.”

என் போன். பூட்டிய வீட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

ஆச்சரியம் என்னவென்றால் என் கை நடுங்கவில்லை. தையல்காரரின் போனிலேயே ஆம்புலன்ஸுக்கு, வருகைப்பதிவு எடுப்பதுபோல நிதானமாகச் சொன்னேன்: முகவரி, மாடி, வயது, உதட்டின் நிறம். ஒன்பது வருடமாக ஒத்திகை பார்த்த நாள். வந்ததும் பதற்றத்தைக் காணோம்.

இன்று காலையில்தான் வந்தது. டீக்கடை கிளாஸைப் பிடிக்க முடியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

இதய வால்வு பழுது. நுரையீரலில் நீர். “ஆறு மாசமாவது இருந்திருக்கும், யாருமே கவனிக்கலையா?” என்று இதய டாக்டர் கேட்டார். கவனித்தேன் ஐயா. தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறேன்.

இப்போதைக்கு உடம்பு அறுவையைத் தாங்காதாம். மருந்தில் தேற்றிப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். பிறகு என்றால் எப்போது? சொல்லவில்லை.

அக்காவிடம் கத்திவிட்டேன். நோயாளி என்றும் பார்க்காமல்.

“ஏன்க்கா சொல்லல? தையல்காரருக்குத் தெரியுது, எனக்குத் தெரியக் கூடாதா? நான் என்ன செத்தாபோயிருப்பேன்?”

மூக்கில் குழாயோடு, இரண்டு இரண்டு வார்த்தையாகச் சொன்னாள். “நான் தும்மினாலே... உனக்கு நாடி எகிறுது. இப்பதான்டி நீ தூங்கறே. தனியா கடைக்குப் போறே. ஒவ்வொரு சாயங்காலமும்... நோட்ட நீட்டி என் மூஞ்சியவே பாப்பே. ஒண்ணுமில்லன்னா... அப்படி ஒரு சிரிப்பு சிரிப்பே. அதுல நான் எப்படி வேற எழுதுவேன்?”

வெளியே வந்து நின்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

யாரும் தன் வீட்டுப் பிள்ளையின் விடைத்தாளைத் திருத்தக் கூடாது. எங்கள் பள்ளியில் அது விதி. நான் என்ன செய்தேன்? தாளை அவளிடமே கொடுத்துத் திருத்தச் சொன்னேன். அதுவும், நான் தேறினால்தான் வீட்டில் நிம்மதி என்று தெரிந்தவளிடம்.

முந்திரிக்கொட்டை எப்போதும் தப்பாகச் சொல்வான் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? முப்பதாவது தடவை அவன் சொன்னது சரி. நான் உட்காரச் சொன்னது சரிதான். அவன் சொன்னதைப் போய்ப் பார்க்காததுதான் தப்பு.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். திட்டவில்லை. “நானும் அன்னிக்கே அழுத்திக் கேட்டிருக்கணும் டீச்சர். பயத்துக்குக் கட்டுப்படவும் வேணாம், அதோட வாய மூடவும் வேணாம். பார்க்க முடிஞ்சத ஒரு தடவை பாருங்க. பாத்ததும் விடுங்க” என்றார்.

ஒரு தடவை. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மே 2, வெள்ளி

அக்கா வீடு திரும்பினாள். தையல்காரரும் அவர் மருமகனும் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். “கல்யாணத்துக்குக் கிடைக்காத பல்லக்கு, பாத்தியா?” என்றாள். மருமகன் சிரித்ததில் நாற்காலி ஆட, எனக்கு உயிர் போய் வந்தது.

நர்ஸ் சொல்லி அனுப்பியது: தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ காத்திருக்கக் கூடாது. எடை இயந்திரம் வாங்கிவிட்டேன். எண்ணை நானே குனிந்து படிக்கிறேன். ஒரு தடவை மட்டும்.

மே 9, வெள்ளி

அதே எடை. இன்று இரண்டாவது தடவையும் பார்த்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

மே 17, சனி

மருத்துவமனை பெஞ்ச். உள்ளே அக்காவுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். நீர் இறங்கினால் இரண்டு நாளில் விடுவார்களாம். இறங்காவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். டாக்டர், பார்ப்போம் என்றார்.

மூன்று மணிக்குச் சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து குரல். “ஏய், கொஞ்சம் வா. எனக்கு மூச்சு முட்டுது.”

அடுப்பை அணைத்தேன். கை கழுவினேன். நடந்துதான் போனேன். நெஞ்சு இடித்தது, இடிக்கட்டும். வண்டிக்குச் சொல்லிவிட்டு அவளைச் சாய்த்து உட்காரவைத்தேன். அவள் முதுகு ரவிக்கையோடு நனைந்திருந்தது.

“எப்பலேர்ந்துக்கா?”

கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

“காலைல பத்து மணிலேர்ந்து.”

ஐந்து மணி நேரம்தான் மறைத்திருக்கிறாள். போன தடவை ஆறு மாதம்.