இரண்டு மாமியார் கணக்கு

அன்புள்ள சின்னு,

பெருக்கினால் மறுபடியும் பழையதே வந்து நிற்கும் என்றால், அதை மெனக்கெட்டு எதற்குப் பிரிக்க வேண்டும்? உன் அத்தை இன்று காலை பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியாது என்றே சொல்லிவிட்டேன். நலம் விசாரிப்பதற்கு முன்னால் கணக்கை இழுத்துவிட்டேன், பொறுத்துக்கொள். நானும் அப்பாவும் சுகம். அத்தைக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, விடிந்தால் பரீட்சை என்பதால் மனசுக்கு மட்டும் லேசாகக் காய்ச்சல். உன் இருமல் நின்றதா? குளிரில் தலையைத் துவட்டாமல் வெளியே ஓடாதே.

போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும், 'சரி, வெச்சிடறேன்' என்பதைத் தவிர அதில் நான் உருப்படியாக எதுவும் சொன்னதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அத்தை இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளும் நானும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கியே நடந்துகொண்டிருந்தோம், சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. கணக்கில் தேறினால் அவளை ஆஸ்பத்திரியில் நர்ஸ் உதவியாளர் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் கடைசிவரை வார்டில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று, இந்தத் தடவையும் போனால் வயது வரம்பு தாண்டிவிடும். முன்பெல்லாம் பரீட்சை முடிந்து வந்தால் வினாத்தாளும் கையுமாக அலைவாள். அப்பாவிடம், என்னிடம், எதிரே இருக்கும் மருந்துக் கடைக்காரரிடம், 'இது சரியா, இது சரியா' என்று. ஒருவர் தலையாட்டினால் முகம் மலரும், அடுத்தவர் உதட்டைப் பிதுக்கினால் செத்துவிடும். நான் படித்தது வரலாறு, பார்ப்பது அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. ஒற்று விடுபட்டால் கண்ணில் குத்தும், எக்ஸ் விடுபட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

போன மாதம் நடந்ததை அவள் உன்னிடம் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டாள். அவள் போகும் மாலை வகுப்பில் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார்கள். எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஏழு எக்ஸ் கூட்டல் பன்னிரண்டு, காரணிப்படுத்துக என்று கேள்வி. இவள் அதன் கீழே அழகான கையெழுத்தில், 'எக்ஸை எக்ஸாலேயே பெருக்கியதே இதற்குக் காரணம்' என்று எழுதி வைத்திருக்கிறாள். வாத்தியார் பெரிய முட்டை போட்டுக் கொடுத்தார். அப்பா அதைப் படித்துவிட்டு இருமுகிற மாதிரி சிரித்தார். காரணம் கேட்டாங்க, சொன்னேன், அதுல என்ன தப்பு என்று கேட்டுவிட்டு அத்தை புத்தகத்தைத் தூக்கிப் பீரோ மேலே போட்டவள்தான், பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. நீ அந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமல் இருந்திருந்தால் புத்தகம் இன்னும் அங்கேதான் இருந்திருக்கும்.

நீ அவளிடம் சொன்னதை ஸ்பீக்கரில் நான் துணி மடித்துக்கொண்டே கேட்டேன். 'நீ எழுதினது பாதி சரிதான் அத்தை. இது இப்படி வந்து நிக்கறதுக்குக் காரணமா இருந்த ரெண்டு பேர் யாருன்னுதான் கேக்கறாங்க. பெருக்கினா பன்னிரண்டு வரணும், கூட்டினா ஏழு வரணும், அவ்வளவுதான்.' பாதி சரி என்று அவளிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை சின்னு. போனை வைத்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் புத்தகத்தை எடுத்துவிட்டாள். ரெண்டும் ஆறும் பன்னிரண்டுக்குப் பிடிக்கும், ஏழுக்குப் பிடிக்காது, மூணும் நாலும்தான் ரெண்டு மாமியாரையும் சமாளிக்கற மருமகள் என்று அவளாகவே ஒரு கணக்குக் கண்டுபிடித்தாள். அதோடு விட்டாளா? 'நீங்க எங்கம்மா ஒருத்தியையே சமாளிக்கல அண்ணி, இது ரெண்டு பேரைச் சமாளிக்குது பாருங்க' என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கம்மா எந்த மருமகளுக்கும் அடங்காத கழித்தல் குறி என்று நானும் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து சாயங்காலமானால் சாப்பாட்டு மேஜையில் நான் பிழை திருத்துவேன், அவள் எதிரே உட்கார்ந்து காரணி தேடுவாள். அப்பா கேட்காமலே தேநீர் போட்டு வைத்துவிட்டு டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். கழித்தல் குறியில்தான் இன்னும் தடுமாறுகிறாள், பெரிய எண்ணுக்கா சின்ன எண்ணுக்கா, யாருக்குப் போடுவது என்று.

உன் வேலை அலுப்புக்கு நடுவிலும் வாராவாரம் அவளுக்கு நேரம் ஒதுக்கினாய். ஒருமுறைகூட உன் குரலில் சலிப்பு வரவில்லை. அந்தப் பொறுமை என்னிடமிருந்து வந்திருக்க வழியில்லை, எங்கிருந்து வந்ததோ அந்த இடத்துக்கு என் நன்றி. அவள் தேறுவாளா என்று என்னைக் கேட்காதே, நான் எதையும் அவ்வளவு சீக்கிரம் நம்புகிறவள் இல்லை. ஆனால் இந்த வீட்டில் எதிரே உட்கார்ந்து பேச எனக்கு ஒருத்தி கிடைத்திருக்கிறாள், அது உன்னால். நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடியட்டும். கண்ணாடியை மாற்றச் சொன்னேனே, மறக்காமல் மாற்று.

உன் அம்மா

மறுநாள் மாலை: காலையில் தபால் பெட்டி வரை போகவில்லை, அதனால் இதையும் சேர்க்கிறேன். அத்தை மதியம் வந்தாள். செருப்பைக் கழற்றினாள், கை கழுவினாள், சாப்பிட உட்கார்ந்தாள். வினாத்தாள் பைக்குள்ளேயே கிடந்தது. நான்தான் பொறுக்காமல் எடுத்துப் பார்த்தேன். எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஐந்து எக்ஸ் கழித்தல் இருபத்து நான்கு. எட்டும் மூணும்தான்னு தெரிஞ்சுது அண்ணி, முதல்ல எட்டுக்குக் கழித்தல் போட்டுட்டேன், பெருக்கிப் பாத்தா நடுவுல கழித்தல் அஞ்சு வந்துச்சு, அடிச்சுட்டு மூணுக்கு மாத்திப் போட்டேன், சரியா வந்துச்சு என்றாள். பிறகு, 'எதுக்குப் பிரிக்கறாங்களோ தெரியல. ஆனா சரியா பிரிச்சேனான்னு இன்னொருத்தரைக் கேக்க வேண்டியதில்ல' என்றாள். முடிவு வர நாளாகும். சாப்பிட்டுவிட்டு மருந்துக் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வார்டுக்குக் கிளம்பிப் போனாள்.