எட்டு மாதச் சம்பளமும் பெற்றுக்கொண்டேன்

கோர்னா ரெகா
பிப்ரவரி 24, 2013

அன்பு மகன் லூபெனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. நெவெனாவுக்கு ஏழாவது மாதம். சைப்ரஸில் கூடமாட ஒத்தாசைக்கு ஆளில்லை, கனமாக எதையும் தூக்கவிடாதே.

நம் கால்பந்து கிளப்பில் சலவை மெஷின் இரண்டையும் ஜப்தி செய்து கொண்டுபோய்விட்டார்கள். மொத்த ஜெர்சியையும் வீட்டிலேயே துவைத்து பால்கனியில் போடுகிறேன். குளிரில் விறைத்து நிற்கின்றன. கீழ்வீட்டு பென்கா, "என்ன ஸ்தோயங்கா, முழு டீமையும் தத்தெடுத்துட்டியா?" என்று கேட்கிறாள்.

இன்று துணியைக் கொடுக்க ஆபீசுக்குப் போனேன். மேஜைமேல் ஒரு தாள். சம்பளப் பாக்கி இல்லை என்று விட்டுப்போன ஆட்டக்காரர்களும் எழுதித் தந்தால்தான் அடுத்த சீசனுக்கு லைசென்ஸாம். ஒரு லெவ் காசுகூட வாங்காத பிள்ளைகள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பதினோராவதாக உன் பெயர். எட்டு மாதச் சம்பளமும் பெற்றுக்கொண்டேன் என்று!

அந்தப் பணத்துக்குத்தானே கேஸ் போட்டிருக்கிறாய், அதை நம்பித்தானே வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாய்? ஊருக்கே வராத நீ எப்படிக் கையெழுத்துப் போட்டாய்? செயலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "வீட்டுல போய்க் கேளுங்கக்கா" என்றார்.

மறுபடி பார்த்தேன். நம் குடும்பப் பெயரின் கடைசி எழுத்தில் கீழே இழுத்துச் சுழித்த வால். பன்னிரண்டு வருடம் உன் மதிப்பெண் அட்டைகளில் பெற்றோர் கையெழுத்தாக நான் பார்த்த வால்.

அப்பாவிடம் கேட்டேன். சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, "கிளப்பு செத்துடும்டி. அவன் சின்னவன், சம்பாதிச்சுக்குவான்" என்றார். முப்பத்தொரு வருடமாக அந்த மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர். அவருக்கே பதினாலு மாதமாகச் சம்பளம் இல்லை. அதற்காகப் பெற்ற பிள்ளையின் வயிற்றில் அடிக்க எப்படித்தான் மனசு வந்ததோ!

கேஸில் அந்தத் தாளைக் காட்டி உன் கையெழுத்தா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல். உன் பணத்தை விடாதே, அம்மாதான் சொல்கிறேன். அடுத்து, யாருடையது என்று கேட்பார்கள். அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, லூபென். அவருக்கு அறுபத்து மூன்று வயது.

மார்ச் முதல் தேதி நோய்நொடி அண்டாமலிருக்க மணிக்கட்டில் கட்டிக்கொள்ள சிவப்பு வெள்ளை நூல் மூன்று இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உனக்கும் நெவெனாவுக்கும் நான் முறுக்கினேன். குழந்தைக்கான சின்னதைப் போன வாரமே அப்பா முறுக்கி வைத்திருந்தார். கோபத்தில் அதை எறிந்துவிடாதே.

மூன்று பேரும் நன்றாக இருங்கள்.

உன் அம்மா,
ஸ்தோயங்கா