சூப்பில் மழை விழுந்தால்

என் அன்பு அப்பா,

நீங்கள் போன பிறகு இப்போதுதான் திருகோணமலைக்கு வர முடிந்தது. வந்த நாளிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நீங்கள் மூட்டை இறக்கிய துறைமுகப் பக்கம் போகிறேன், திரும்புகிறேன், மறுபடி போகிறேன். உங்களிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

மெல்பேணில் படித்துக்கொண்டே யூதப் பிள்ளைகளின் ஞாயிறு சமய வகுப்பில் நான் உதவியாளராக இருப்பது உங்களுக்குத் தெரியும். போன வருடம் அவர்களின் கூடாரத் திருநாளுக்கு முற்றத்தில் கொட்டில் போட்டோம். முன்னோர் பாலைவனத்தில் அலைந்ததை நினைத்து அதற்குள் இருந்து சாப்பிட வேண்டும், மகிழ்ச்சியாகவும் இருக்க வேண்டும். கூரைக்கு இலைகுழைதான். சூப்பில் மழை விழுந்தால் எழுந்து வீட்டுக்குள் போகலாம் என்பது அவர்களின் விதி.

மழை வந்தது. ஒன்பது வயது மிரியம் எழும்ப மறுத்தாள். "உள்ள போக வீடில்லாத ஆக்கள் என்ன செய்யிறது?"

"குடை பிடிக்கிறது," என்றான் ஒருவன்.

"நீ உன்ர சூப்புக்குப் பிடி. அப்ப நாங்கள் கொட்டில் விளையாட்டுத்தானே விளையாடுறம்?"

ஆசிரியை எல்லோரையும் நனையவிட்டு அதையே விவாதமாக்கினார். மிரியம் என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் கொட்டிலில இருந்திருக்கிறீங்களா?"

"இல்லை," என்றேன்.

போர் நேரம் எங்கள் ஊரான ஈச்சிலம்பற்றை விட்டு ஓடி, முகாமில் தறப்பாள் கூரைக்குக் கீழே இருந்த இரண்டு மாரிகாலத்தையும் அந்த ஒரு சொல்லில் அழித்துவிட்டேன். அவர்கள் இரக்கப்படுவதை நான் விரும்பவில்லை. தண்ணீர் தேங்கிய தறப்பாளைக் கூட்டுகிற தும்புத்தடியால் நிமிர்த்தியபடி, "தோணிக்குள்ள தண்ணி வந்திட்டுது, எல்லாரும் காலைத் தூக்குங்கோ!" என்று கத்துவீர்களே. நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். நீங்களும் சிரித்தீர்களா அப்பா? அந்த நேரத்து உங்கள் முகம் மட்டும் நினைவில் இல்லை.

அன்று பின்னேரம் தொலைபேசியில் கேட்டீர்கள்: "எங்கட கொட்டிலைப் பற்றிச் சொன்னனியே பிள்ளை?"

"ஓம் அப்பா, சொன்னனான்."

"பிள்ளையள் என்ன சொன்னவை?"

"தோணிப் பகிடிக்குச் சிரிச்சவை."

அடுத்த மாதம் நீங்கள் இல்லை.

நேற்று குசினியில் மீன் கழுவிக்கொண்டே அம்மா சொன்னா: "கடைசியா ஆஸ்பத்திரியிலயும் தாதிமாருக்கு இதே கதைதான். 'என்ர கொட்டில் அவுஸ்திரேலியாவில பாடமாம்' எண்டு. பெரிய புரொபசர்!" அம்மா சிரித்தா. எனக்கு ஏலவில்லை.

வரும் ஞாயிறு மெல்பேணில் மறுபடி கொட்டில் போடுகிறார்கள்; அதற்குள் திரும்பிவிடுவேன். கூரைக்கு இலை ஏறுவதற்கு முன்பே, எல்லோர் முன்னிலையிலும், "போன வருடம் நான் பொய் சொன்னேன்" என்று மிரியத்திடம் சொல்வேன். அதன்பிறகு தறப்பாள், தும்புத்தடி, தோணி. இரக்கப்பட்டால் படட்டும். நீங்கள் தாதிமாருக்குச் சொன்னது அன்றைக்காவது உண்மையாகும்.

உங்கள் தோணியில் காலைத் தூக்கிக்கொண்டு இருந்த
சின்ன மகள்