பிரியாணி ஒத்துக்கலைங்க

ஊர் மெச்சும் என் கணவருக்கு,

நம் மகள் வேல்விழி பிழைத்துக்கொண்டாள். நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன். உங்களோடு போனில் பேச வாய் கூசுகிறது.

நீங்கள் பேசி முடித்த கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், காய்ச்சல் மாத்திரையை அளவு மீறி விழுங்கியவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மாவிடம் நீங்கள் சொன்னது: "பிரியாணி ஒத்துக்கலைங்க." கடையில் விரிசல் விட்ட பீங்கானைப் பூச்சடித்து விற்றே பழகியவராயிற்றே.

மறுநாள் காலையில் அவள் இட்லி தின்றதும், "நல்லாத்தான இருக்குது, வூட்டுக்குக் கூட்டிட்டுப் போவலாம்" என்று பறந்தீர்கள். திட்டக்குடி மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் உங்கள் மானம் போய்விடுமாம்.

நீங்கள் வெளியே போனதும் டாக்டரம்மாவிடம் நான் உண்மையைச் சொன்னேன். "இந்த மாத்திரைல மொத நாளு நல்லாத்தாம்மா இருப்பாங்க. ஈரல் கெடுறது அப்புறந்தான் தெரியும்" என்றவர், உடனே ரத்தம் எடுத்து, முறிவு மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்.

ஈரலுக்கு இனிப் பயமில்லை என்று இன்று சொல்லிவிட்டார்கள். பார்க்க வராதீர்கள். உங்களை உள்ளே விட வேண்டாம் என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டது நான் இல்லை, அவள்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்