எயினியின் கட்டைவிரல் குறித்து மேற்குன்றத்துக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. மழை பிழையாதிருக்க. மேற்குன்றத்து மந்தைகள் மடி நிறைந்து நிற்க.

ஏழு ஆறுகளுக்கும் அவற்றின் மணலுக்கும் உரியவரும், தம் மேல் வெயில் விழ ஒருபோதும் இசையாதவரும், பகைவர் எவரும் இதுவரை நேரில் காணாத வீரத்தை உடையவருமான வெண்மணல் வேந்தரின் ஆணையால், பேரமைச்சர் மாநெறியார் சொல்ல, ஓலைநாயகம் எழுதியது. மேற்குன்ற நாட்டுத் தலைவர் நன்னாகக் குன்றத்தரையர் நீராடி, கிழக்கு நோக்கி நின்று, இவ்வோலையைத் தலைமேல் வைத்து, பின்னர்ப் படிக்க.

வெயிலால் உணவை வெறுத்திருக்கும் வேந்தருக்கு ஏற்ற பலகாரம் ஒன்று தங்கள் மலையில் வீடுதோறும் செய்யப்படுகிறது என்றும், அதற்கு அடுப்பு மூட்ட வேண்டியதில்லை என்றும், அதில் கைதேர்ந்த எயினி என்பவளை செந்தண்டு என்னும் மலைச்செடி ஒரு கூடையுடன் அனுப்புவதாகவும் சித்திரைத் திங்களில் எழுதியிருந்தீர்கள். கூடை வந்தது. எயினியும் வந்தாள். அதன் பின் நடந்தவற்றைத் தாங்கள் அறிவது முறை. அவற்றில் பெரும்பகுதிக்குத் தாங்களே காரணம் என்று அரசவை கருதுகிறது.

சாட்சியின் சொல்லை மாற்றாமல் எழுதுவது இந்நாட்டு நீதி. ஆகவே எயினியின் பேச்சு அவள் பேசியபடியே இதில் வரும். பொறுத்தருள்க.

அரண்மனை மடைப்பள்ளியில் நாற்பது அடுப்புகளும் முந்நூறு சமையற்காரர்களும் உண்டு. எயினி அவற்றில் ஒன்றையும் அவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை. ஒரு துணி, ஒரு மரத்தட்டு, குளிர்ந்த இடம் ஆகிய மூன்றையே கேட்டாள். தயிரைத் துணியில் முடிந்து தொங்கவிட்டாள். நீர் முழுதும் வடியும்வரை மெல்லிதாக அரிந்த செந்தண்டு தேனில் ஊறிச் சிவந்து குழைந்தது. காய்ந்த தினை அடைகளை இடித்து, வெண்ணெய் விட்டுப் பிசைந்து, தட்டில் பரப்பி, வலக் கட்டைவிரலால் மூலைமுடுக்கெல்லாம் அழுத்தினாள். அதன் மேல் தேன் கலந்து அடித்த கட்டித்தயிர். அதன் மேல் தண்டு. பின்னர்த் தட்டை நிலவறையின் ஈரமணலில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள்.

சும்மா உட்கார்ந்ததைத்தான் மடைப்பள்ளி நாயகம் நெடும்பூதரால் தாங்க இயலவில்லை. மறுநாள் தட்டு மேலே வந்ததும், இது எப்போது அடுப்பேறும் என்று வினவினார். ஏறாதுங்க, ஏறினா உருகிப் போயிரும் என்றாள். இருநூறு ஆண்டுகளாக நெருப்பைக் காணாத எந்தப் பண்டமும் வேந்தரைக் கண்டதில்லை என்றும், மரியாதைக்காவது ஒருமுறை அடுப்புக்குக் காட்ட வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். காட்டினார்கள். பலகாரம் தட்டை விட்டு இறங்கித் தரையில் நடந்து சென்றது. நாந்தான் சொன்னேன்ல அண்ணே என்றாள் எயினி. மடைப்பள்ளி நாயகத்தை அண்ணே என்றது குற்றமே. எனினும் வழுக்கி விழுந்தவர்களைத் தூக்குவது அப்போது முதன்மையாயிற்று.

இரண்டாம் தட்டு அடுப்பைக் காணாமலே அரசவைக்கு வந்தது. ஓர் ஓரத்தை அவள் நூலால் சதுரமாக அறுத்துக் காட்டினாள். அழகாயிருந்தது என்பதை அரசவை ஒப்புக்கொள்கிறது. அப்போது பேரமைச்சர் மாநெறியார், மேலே சிவந்திருப்பது செடியின் எந்தப் பகுதி என்று கேட்டார்.

தண்டுங்க என்றாள்.

மலையில் வாழ்வதால் தாங்கள் தலைப்பங்கு முறையை மறந்திருக்கக்கூடும். எந்தச் செடியிலும் தலைப்பகுதி வேந்தருக்கு, நடுப்பகுதி அதிகாரிகளுக்கு, அடிப்பகுதி குடிகளுக்கு. இதனால் முள்ளங்கி என்பது ஒரு கீரை என்றே வேந்தர் அறிவார். தோகையை ஒட்டிய நுனியே அவருக்குப் பரிமாறப்படுவதால், கரும்பு இனிக்காது என்பது அரசவையின் முடிந்த கருத்து. தண்டு எதையேனும் வேந்தரின் வாய்க்கு உயர்த்தும் கை எதுவோ, அக்கையின் கட்டைவிரல் களையப்படும். உயர்த்தும் பணிக்கு வேறு எவரும் முன்வராமையால், அது எயினிக்கே அளிக்கப்பட்டது.

விரல் பிழைக்க வழியும் அவளுக்குக் கருணையோடு காட்டப்பட்டது. செந்தண்டின் இலை யானைச் செவி போல் விரிந்தது, தலையில் இருப்பது, வேந்தருக்கே உரியது. ஆகவே தண்டை நீக்கி இலையை வைக்குமாறு பேரமைச்சர் பணித்தார்.

எயினி சொன்னது வருமாறு: ஐயா, அந்த எலைய எங்க ஊர்ல ஆடுகூட மோந்து பாக்காது. போன வருசம் ஒரு கன்னுக்குட்டி தெரியாம ரெண்டு எலை தின்னுச்சு. அன்னிக்கே காலை நீட்டிருச்சு. ராசா கன்னுக்குட்டிய விடப் பெரிய ஆளுதான், நான் இல்லேங்கல.

இதன் உண்மையைச் சோதிக்க வேண்டும் என்று அவை ஒருமனதாகத் தீர்மானித்தது. யார் உண்டு சோதிப்பது என்பதில் ஒருமனம் எய்தவில்லை. ஓர் அமைச்சர் நோன்பில் இருந்தார். ஒருவருக்குப் பல் ஆடியது. இலை வேந்தரின் பங்கு, அதைப் பிறர் சுவைப்பது அரசத்துரோகம் என்று பேரமைச்சர் தெளிவாக்கியதும் அனைவரும் அத்துரோகத்தை அஞ்சினர். ஆக, வேந்தரைத் தவிர எவரும் அதை உண்ணலாகாது. எவரும் உண்டு பாராததால் வேந்தரும் உண்ணலாகாது. இதை அவை மூன்று நாள் ஆராய்ந்தது. அம்மூன்று நாளும் வேந்தர் காலையும் மாலையும் பலகாரம் எங்கே என்று கேட்டார். நலமாக இருக்கிறது என்று விடை தரப்பட்டது.

நிலவறையில் தட்டின் அருகே எயினி காவலில் இருந்தாள். ஊரில் அவளுக்குப் பதினோரு பசுக்கள். காவலனிடம் அவள் அடிக்கடி சொன்னது: வெரல் இல்லாம பால் கறக்க முடியுமா, நீயே சொல்லு. கட்டைவெரலு போச்சுன்னா மடியைத் தடவிக் குடுக்கலாம், அவ்வளவுதான். எலைய வச்சுக் குடுத்துட்டா இன்னிக்கே ஊருக்குப் போயிரலாம்னு தெரியும். ஆனா அந்தக் கன்னுக்குட்டி கண்ணு முன்னாலயே நிக்குது. காவலனுக்கு விடை கூற அதிகாரமில்லை.

நான்காம் நாள் நண்பகலில், வெப்பம் பொறாத வேந்தர் முடியையும் மேலாடையையும் நீக்கித் தாமே படியிறங்கி நிலவறைக்கு வந்து ஈரமணலில் அமர்ந்தார். இதற்கு முன் அவர் படியிறங்கியதாகச் செய்தி இல்லை. எயினி எழுந்து நின்றாள். அவர் தட்டைக் காட்டி, இதுவா என்றார். ஆமாஞ்சாமி, ஆனா இது தண்டு. நான் எடுத்துக் குடுத்தா என் வெரலை வெட்டிருவாங்க என்றாள். வேந்தர் சிறிது சிந்தித்தார். அவளுக்குச் சிரமம் தர விரும்பவில்லை என்று கூறி, தம் கையாலேயே ஒரு சதுரத்தை எடுத்தார்.

நான்கு உண்டார். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே, தண்டு இவ்வளவு சுவையாக இருப்பானேன் என்று கேட்டார். சாறெல்லாம் தண்டுலதான சாமி இருக்கும் என்றாள். மூன்றாவதை மென்றபடி, கரும்பிலுமா என்று கேட்டார். கரும்புல அடிக்கணுதான் சக்கரை, நுனிய நாங்க மாட்டுக்குப் போடுவோம் என்றாள். வேந்தர் நான்காவதை எடுத்தார்.

அன்று மாலையே அவை கூடியது. வேந்தர் தண்டு உண்டது உறுதி. வாள்காரர் வரவழைக்கப்பட்டார். எயினி கையை நீட்டப் பணிக்கப்பட்டாள். அவள் நீட்டவில்லை. நான் எங்க ஊட்டுனேன், அவருதான் எடுத்துத் தின்னாரு. தூக்குன கைக்குத்தான வெட்டு, அவரையே கேளுங்க என்றாள்.

வேந்தர் தம் வலக்கையை மெல்ல மேலாடைக்குள் எடுத்துக்கொண்டார். யாரைப் பார்ப்பது என்று அறியாமல் வாள்காரர் கூரையைப் பார்த்தார்.

மூன்று நாளில் கிட்டாத தெளிவு அவைக்கு மூச்சு விடும் நேரத்தில் கிட்டியது. இலைக்கு நரம்பு உண்டு. நடுநரம்பு இலையின் பகுதியே அன்றி வேறன்று. செந்தண்டு என்று குடிகள் அறியாமையால் அழைப்பது அந்த நடுநரம்பு மண்வரை நீண்டதே ஆகும். ஆகவே வேந்தர் உண்டது இலை. என்றும் அவர் இலையே உண்டுவந்திருக்கிறார். இதைப் பேரமைச்சர் எடுத்துரைக்க, அவை எழுந்து நின்று வாழ்த்தியது. வாள்காரர் விடை பெற்றார்.

எயினிக்கும் விடை கொடுக்கப்பட்டது. ஆனால் அவள் வாயில்வரை போய்த் திரும்பி வந்தாள். எலைன்னே எழுதிக்கோங்க, எனக்கொண்ணும் இல்ல. நாளைக்கு இந்த மடைப்பள்ளி அண்ணன் எலைதானேன்னு பச்சையையும் சேத்து அரிஞ்சு வச்சாருன்னா ராசா செத்துப் போவாரு. பச்சைய அறுத்துத் தூரப் போடணும்னு எழுதுற வரைக்கும் நான் போகமாட்டேன் என்றாள். இவளைச் செவிமடுக்க அவையில் எவரும் விரும்பவில்லை. வேந்தர் மட்டும் எழுதுக என்றார். எழுதப்பட்டது. வேந்தரின் காய்கறிக் கழிவு அமைச்சர்களுக்குரிய பெருமைப் பங்காதலால், பச்சையை எவருக்கு அளிப்பது என்று நெடும்பூதர் கேட்டார். நாட்டின் நலன் கருதி அமைச்சர் அனைவரும் தம் பங்கைத் துறந்தனர். இவ்வவை எதையேனும் துறந்தது இதுவே முதல் முறை.

மடைப்பள்ளியில் தங்குமாறும், குளிர்நாயகி என்ற பட்டம் தருவதாகவும் வேந்தர் கூறினார். எயினி, பசுக்களைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருப்பதாகவும் அந்த வீட்டுக்காரி அரைகுறையாகக் கறப்பவள் என்றும் கூறினாள். அதனால், புறப்படும் முன் முந்நூறு பேருக்கும் ஒருமுறை செய்துகாட்டினாள். எதையும் கொதிக்கவிடாமல் நிற்பது அவர்களுள் பலருக்குக் கடினமாயிருந்தது, இருவர் அழுதனர்.

ஆகவே தங்களுக்கு ஆணை: திங்கள்தோறும் செந்தண்டு ஒரு கூடை வர வேண்டும். பச்சை முழுவதையும் தங்கள் மலையிலேயே அறுத்துக் குழியில் புதைக்க வேண்டும். வருவதை இலை என்றே ஓலையில் குறிக்க வேண்டும். தண்டு என்று சொல்வோரை அவை கேளாது. அடுப்பில்லாப் பலகாரம் பற்றி இனி எதையும் தாங்களாக எழுதித் தெரிவிக்க வேண்டாம்.

இவ்வோலை மடித்து, நூலிட்டு, அரக்கில் மீன்கொத்தி முத்திரை பதித்து, எயினியின் கையிலேயே கொடுத்தனுப்பப்படுகிறது. அறம் தழைக்க. அவள் கட்டைவிரல்கள் இரண்டும் உடன் வருகின்றன. சரிபார்த்துப் பெற்றுக்கொண்டு மறு ஓலை விடுக்க.

வேந்தருடைய இரண்டும் நலம்.