இருக்கிறீர்களா என்று கேட்கும் மடல்

மாப்ள,

இன்று காலை காளவாசல் கடையில் முதல் வேலையே ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். இயந்திரத்திலிருந்து இறங்கும்போது அந்த மை வாடை மூக்கில் ஏறிக் கண்ணைக் கரித்தது. உன் பேனரையும் இதே இயந்திரத்தில்தான் அடித்தேன். உன் முகத்தை நானே வெட்டி எடுத்து வட்டத்துக்குள் வைத்தேன். கோரிப்பாளையத்தில் நாங்கள் அதைக் கட்டிய இடத்தில் இப்போது யார் வீட்டுக் காதணி விழாவோ தொங்குகிறது.

அந்தப் பேனரை வடிவமைத்த மென்பொருளைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

நம் கடைக் கணினியில் ஓடும் லினக்ஸின் நிலையான பதிப்பு ஆண்டுக்கணக்கில் அசையாது. கடைக்கு அதுதான் நல்லது என்று நீதான் போட்டுக் கொடுத்தாய். ஆனால் அதிலிருந்த பக்க வடிவமைப்பு மென்பொருள் பழசு. தமிழை அச்சுக்கு அனுப்பினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறும். புதியதில் சரிசெய்துவிட்டார்களாம், நமக்கு எப்போது வரும் என்று உன்னிடம் புலம்பினேன். நீ அந்தப் புதியதைப் பழைய பதிப்பிலேயே ஓடும்படி மாற்றி, எனக்கு மட்டுமல்லாமல் ஊருக்கே பயன்படட்டும் என்று, யாரும் இறக்கிக்கொள்ளும் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றினாய். அதற்குப் பேக்போர்ட் என்று பெயர் என்பதை அன்றுதான் கேட்டேன். நன்றி சொன்னதற்கு நீ சிரிக்கக்கூட இல்லை.

"தெருவுக்கு வாட்ச்மேன் உண்டு மாப்ள. மாடியில நாம எழுப்புன ரூமுக்கு அவரு ஏறி வர மாட்டாரு. கட்டுனவன்தான் பூட்டணும்."

உண்மைதான். லினக்ஸின் பாதுகாப்புக் குழு நிலையான பதிப்பை மட்டும் பார்க்கும். பேக்போர்ட் செய்த மென்பொருள் பொதியில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை ஏற்றியவர்தான் அடைக்க வேண்டும். ஏற்றுகிற உற்சாகம் எல்லாருக்கும் இருக்கிறது. அடைக்கச் சொன்னால் ஆளைக் காணோம். அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்கிற வேலையை நீ எடுத்துக்கொண்டாய். யாரும் உன்னைக் கூப்பிடவில்லை. உன் மடல் எப்போதும் ஒரே அச்சுதான்: உங்கள் பொதியில் இந்த ஓட்டை இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்களா? பதில் வராவிட்டால் இன்னொரு முறை. அதற்கும் வராவிட்டால் பொதி களஞ்சியத்திலிருந்து போய்விடும். காரணம் என்ற இடத்தில் "பதில் இல்லை" என்று போடுவாய்.

இதற்காக உன்னிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

"உடம்பு சரியில்லாமக் கிடப்பாங்க மாப்ள. கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?"

"கிடக்கலாம். ஓட்டைக்கு அது தெரியுமா?"

"காரணத்தையாவது பதமா எழுது."

"காரணம் அவங்க வீட்டு விஷயம். பதில் வரலைங்கறதுதான் நமக்குத் தெரியும். தெரிஞ்சத மட்டும் எழுதுவோம்."

உன்னைப் பிடிக்காதவர்கள் நிறைய. உன்னைப் போலீஸாக்கியது யார் என்று எல்லாரும் படிக்கும் மடற்குழுவில் ஒருவர் கேட்டாரே, நினைவிருக்கிறதா? மாரடைப்பில் நீ போன மறுநாள் அதே குழுவில் மிக நீளமான இரங்கல் எழுதியவர் அவர்தான். உன்னைக் கலங்கரை விளக்கம் என்றார். இருந்தவரை எரிச்சல், போனபின் விளக்கு. படிக்கும்போது நாக்கு கசந்தது. இன்னும் கசக்கிறது.

உனக்குப் பிறகு கேட்கிற வேலையை நான் செய்கிறேன். கேட்க மட்டும்தான் எனக்குத் தெரியும், அடைக்கத் தெரியாது. போன மாதம் உன் பொதியிலேயே, நீ எனக்காக மாற்றிய அந்த வடிவமைப்பு மென்பொருளிலேயே, ஓட்டை வந்தது. கெட்ட எண்ணத்தில் செய்த ஒரு கோப்பைத் திறந்தாலே போதும், கணினி அடுத்தவன் கைக்குப் போய்விடும். என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பென்டிரைவோடுதான் வருகிறார்கள் என்று உனக்குத் தெரியும். இதை யார் எடுத்துக்கொள்வீர்கள் என்று குழுவில் கேட்டேன். கலங்கரை விளக்கக்காரர் வாயே திறக்கவில்லை. ஒருவர் மட்டும் கும்பிடுகிற கை படம் போட்டார். சாமி கும்பிட அம்புட்டுப் பேர், வடம் பிடிக்க ஒருத்தரும் இல்லை.

முறைப்படி, நீக்கும் முன் ஏற்றியவருக்கு எழுத வேண்டும். ஏற்றியவர் நீ. யாருக்கும் விலக்கில்லை என்று சொன்னதும் நீ. எழுதினேன். பிறகு இன்னொரு முறையும் எழுதினேன். இரண்டாவது மடல் போன அன்று விளாங்குடியிலிருந்து உன் மனைவி கூப்பிட்டாள்.

"அண்ணே, அவரு போன்ல மெயில் வந்துருக்கு. நீங்கதான் போட்டுருக்கீங்க. இருக்கிறீர்களான்னு கேட்டுருக்கு. நான் என்னண்ணே பதில் போட?"

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

"அது முறைக்குப் போட்டதும்மா. பதில் வேணாம். அந்த போன்ல மெயில் வரும்னு நெனக்கல. மனசுல வச்சுக்காத."

"கோவமில்லண்ணே. ஊர்ல இருக்கவுக எல்லாருக்கும் இதத்தான எழுதிக்கிட்டு இருந்தாரு. அவர ஒருத்தரும் கேக்கலையேன்னு நெனப்பேன். நீங்க கேட்டுட்டீங்க. போன இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வச்சுருக்கேன்."

எனக்கு உன் மேலும் கோபம்தான். ஊருக்கெல்லாம் பூட்டுப் போடச் சொன்னவன், உன் அறைச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அந்தப் பொதியை என் பெயரில் எடுத்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். அதற்கும் முன்பே பதில் சொல்லி வைத்திருக்கிறாய்: "பாசத்துக்கு எடுத்து வச்சுட்டுப் பாக்காம விட்டா, அது திறந்து போட்ட வீடு மாப்ள."

காத்திருக்க வேண்டிய நாள் நேற்றோடு முடிந்தது. இன்று அஞ்சலி பேனரை முடித்துக் கொடுத்துவிட்டு, முதலில் கடைக் கணினியிலிருந்து அந்த மென்பொருளை எடுத்தேன். இனி பழையதில்தான் வேலை, தமிழ் எழுத்தை எல்லாம் படமாக மாற்றித்தான் அச்சுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு மடங்கு வேலை, செய்துகொள்கிறேன். பிறகு நீக்கச் சொல்லிக் களஞ்சியத்துக்கு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "காலமானார்" என்று அடித்தேன். அது உன் வீட்டு விஷயம். அழித்துவிட்டு "பதில் இல்லை" என்று போட்டேன்.

கலங்கரை விளக்கக்காரரின் பொதியிலும் ஒரு ஓட்டை வந்திருக்கிறது. நாளைக்கு அவருக்கு எழுதுவேன். நீ விட்டுப்போனதில் என் கையில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரிதான், அதை யாருக்கும் தயங்காமல் அனுப்புவேன். விளாங்குடியில் சார்ஜ் போட்டு வைத்திருக்கும் அந்த போனுக்கு மட்டும் இனி அனுப்ப மாட்டேன்.